எங்கள் வீட்டுக்கு வந்த ஒன்பதாம் இலக்கம்

மார்ச் 24, செவ்வாய்

மழை. மைதானம் பூட்டு என்று கவுன்சில் காலையிலேயே அறிவித்துவிட்டது. பயிற்சி இல்லை. கொடியில் காய்ந்த துவாய் எல்லாம் திரும்ப நனைந்தது.

செய்ய வேண்டியது:
– அபிக்கு வாய்க்கவசம் 2 (கடித்தே முடிக்கிறாள்)
– தண்ணீர்ப் போத்தல் மூடி
– மேலறை யன்னல் இறுகிவிட்டது, சிவாவிடம் சொல்ல

மேலறை இப்போது ஏன் என்றால், கிளப் பிரெசிடென்ட் ஷெரில் போன் எடுத்தாள். மெல்பேர்னிலிருந்து ஒரு புதுப் பெண்ணை எடுத்திருக்கிறார்களாம், எங்கள் ரக்பி கிளப்பின் மகளிர் முதலாம் தர அணிக்கு. தங்க இடம் வேண்டுமாம். ஜனவரியில் குடும்ப நாள் அன்று ஒரு போர்ம் சுற்றி வந்தது: தூர இடத்துப் பிள்ளைகளுக்கு அறை கொடுக்கக்கூடியவர்கள் யார்? நான் அடையாளம் போட்டேன். இன்றுதான் தெரிகிறது, அத்தனை குடும்பத்தில் போட்டது நான் ஒருத்தி மட்டும். மற்றவர்கள் பேனையை மட்டும் கைமாற்றியிருக்கிறார்கள். யாராவது கேட்டால் ஓம் என்று சொல்லிவிட்டு, பிறகு வீட்டுக்கு வந்து தலையில் கை வைப்பது எங்கள் ஆட்களின் வேலை.

"பெர்ஃபெக்ட் மேட்ச், டார்லிங். ஷீ இஸ் ஸ்ரீலங்கன் டூ!"

ஸ்ரீலங்கன் இல்லை. பெயர் கயல்விழி, வயது 23, தகப்பன் திருநெல்வேலி, வீடு கிரெய்கிபர்ன். ஷெரிலுக்கு நாங்கள் எல்லோரும் ஒரே பெட்டிக்குள்.

மகள் அபியிடம் சொன்னேன். "ஐ நோ," என்றாள். எப்படித் தெரியும் என்று கேட்க முதலே காதில் அந்தச் சாமானைச் செருகிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

மார்ச் 28, சனி

நல்ல வெயில். விமானம் ஒரு மணி நேரம் பிந்தி. கயல் ஒரு பையும் ஒரு பந்தும் கொண்டு இறங்கினாள். கட்டையான பிள்ளை, தோள் மட்டும் அகலம். "வணக்கம் ஆன்ட்டி" என்று குனிந்து காலைத் தொடப் பார்த்தாள். வேண்டாம் என்று பிடித்து நிமிர்த்தினேன். மனம் கொஞ்சம் இளகியது, பொய் சொல்லக் கூடாது.

புட்டு, பாரை மீன் குழம்பு, சம்பல் எல்லாம் காலையிலிருந்து நின்று செய்தது. கதிரையை இழுத்து இருந்துவிட்டுச் சொல்கிறாள்: "ஸாரி ஆன்ட்டி, நான் வெஜ்."

எதிரே வருகிற எண்பது கிலோ ஆளை ஓடிப்போய் விழுத்துகிறவள், முட்டை கூடத் தொட மாட்டாளாம். சரி, பருப்பு வைத்தேன்.

சாப்பிடும்போது சும்மா ஒரு கதைக்குக் கேட்டேன். "எந்த இடத்திலை ஆடுறனீர், பிள்ளை?"

"நைன், ஆன்ட்டி. ஹூக்கர்."

என் மனுசன் சிவா சம்பலை எடுத்த கையோடு என்னைப் பார்த்தார். அபி தலை நிமிரவில்லை. மீன் முள்ளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சாப்பாட்டுக் கோப்பை ஓரத்தில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு முதலே தெரியும். எல்லோருக்கும் தெரியும். அணியின் மனேஜர் என்று பெயர் வைத்து ஜேர்சி தோய்க்கவும் போத்தல் நிரப்பவும் வைத்திருக்கிற எனக்கு மட்டும் தெரியாது.

ஒன்பது. பதின்மூன்று பேரில் பந்தை அதிகம் தொடுகிறவள். ஒவ்வொரு முறையும் ஒருத்தி விழுந்து எழும்பிப் பந்தைக் காலுக்குப் பின்னால் உருட்டிவிட, அதை எடுத்து எவளுக்குக் கொடுப்பது என்று தீர்மானிக்கிறவள். அபி ஏழு வயதிலிருந்து அதுதான். இந்தக் கிளப்பில், இந்தப் புல்லில், இந்த நம்பர். போன வருடம் முதலாம் தரத்தில் ஒன்பது ஆடியவள் பேர்த்துக்குப் போய்விட்டாள். இடம் வெறுமை. செப்டெம்பரில் கோச் டேரன் எங்கள் வீட்டு முற்றத்தில் நின்று சொன்னது: "நெக்ஸ்ட் இயர் இஸ் யுவர் இயர், கிட்." நான் சாட்சி. அவன் கையில் அப்போது நான் பொரித்த ரோல்ஸ் இருந்தது. இரண்டாவது ரோல்ஸ்.

இப்போது அந்த இடத்துக்கு வந்தவளுக்கு நான் மேலறையில் புதுப் படுக்கை விரிப்பு போட்டுக் கொடுத்திருக்கிறேன். பூப் போட்டது.

மார்ச் 31, செவ்வாய்

காற்று. பயிற்சி 6 மணி.

மைதான வாசலில் பெரிய பதாகை. "இங்கே வளர்ந்தவர்கள் இங்கேயே ஆடுவார்கள்" என்று ஆங்கிலத்தில், கீழே அபியின் படம். பதினொரு வயது, வாய்க்கவசம் வெளியே தொங்க, முகம் எல்லாம் சேறு. அந்தப் படம் எடுத்தது நான். கேட்டு வாங்கினார்கள், பெருமையாகக் கொடுத்தேன். அந்தப் பதாகைக்குக் கீழே நின்று டேரன் புதுப் பெண்ணுக்குக் கைகொடுத்துப் படம் எடுக்கிறான்! வெட்கமில்லாத ஆட்கள்.

சிவாவிடம் சொன்னேன். "விடுமப்பா, பிள்ளையே ஒண்டும் சொல்லேல்லை," என்றார். பிள்ளை சொல்லவில்லை என்றால் தாயும் சொல்லக் கூடாது என்று எங்கே எழுதியிருக்கிறது?

மேலறை யன்னல் இன்னும் இறுக்கம்.

ஏப்ரல் 2, வியாழன்

தூறல். கிளப் கூட்டம். சாதாரணமாகப் பிஸ்கட்டுக்குத்தான் ஆட்கள் வருவார்கள். இன்றைக்கு நான் எழுதிக்கொண்டு போனேன்.

பத்து வயது அணியில் ஒன்றாக ஆடிய ஏழு பேரும், அபியையும் சேர்த்து, இப்போது:
– இருவர் வேறு கிளப்
– ஒருத்தி நெட்போல்
– ஒருத்தி முழங்கால் போய் வீட்டோடு
– ஒருத்தி குயின்ஸ்லாந்து
– ஒருத்தி கடையில் என்னைக் கண்டால் வேறு வரிசைக்குப் போகிறாள்
– அபி

வாசித்தேன். "இதுதான் நீங்கள் வளர்த்தது. வளர்த்தது நாங்கள், பெற்றோர். காரில் ஏற்றி இறக்கி, தோடம்பழம் வெட்டி, உடுப்புத் தோய்த்து. பயிர் விளைந்ததும் வெளியிலிருந்து மூட்டை வாங்குகிறீர்கள்." என் ஆங்கிலத்தில் மூட்டை சரியாக வந்ததோ தெரியாது. ஷெரில் தலையாட்டினாள். ஷெரில் எதற்கும் தலையாட்டுவாள்.

டேரன் எழும்பினான். சத்தம் போடவில்லை, அதுதான் எரிச்சல். போன வருடம் முழுக்கத் தோற்றோம், ஐம்பது ஐம்பது புள்ளியால். அந்த ஏழு பேரில் மூன்று பேர் விட்டுப் போனது இடம் கிடைக்காமல் அல்ல, தோற்றுத் தோற்று அலுத்துப்போய். அபிக்குப் பதினெட்டு. எதிரே நிற்பது முப்பது வயதுப் பெண்கள். எழுபது நிமிடம் அவளை நடுவில் நிறுத்தி உடைத்துவிட்டால் அடுத்த வருடம் நான் யாரை வளர்ப்பது, சொல்லுங்கள் என்று என்னைப் பார்த்தே கேட்டான்.

பதில் இல்லாத கோபம் மற்றக் கோபத்தை விட மோசம். காரில் வரும்போது வந்தது நல்ல பதில்: அப்படியென்றால் செப்டெம்பரில் ஏன் வாக்குக் கொடுத்தாய்? ஆனால் காருக்குள் சிவா மட்டும்தான். அவருக்குத்தான் சொன்னேன், மூன்று தரம்.

ஏப்ரல் 5, ஞாயிறு

ஈஸ்டர். வேலை இல்லை. நான் ரத்தம் எடுக்கும் நிலையம் செவ்வாய் வரை பூட்டு, ஆகவே முழுநாளும் வீட்டில், அவளோடு.

குறிப்பு: இந்தக் கிழமை கயல் செய்தவை. 1) குசினி மேடையைச் சொல்லாமலே துடைத்தது. 2) பின்வளவில் அபியும் அவளும் ஒருவரை ஒருவர் விழுத்தி விளையாடி என் கறிவேப்பிலை நட்ட சாடியை உடைத்தது. 3) இடியப்பம் பதின்மூன்று சாப்பிட்டது. எண்ணவில்லை, கண்ணில் பட்டது.

மத்தியானம் வெங்காயம் உரிக்க உட்கார்ந்தாள். நான் கேட்கவில்லை, அவளாகவே சொன்னாள். மெல்பேர்னில் அவளும் பன்னிரண்டு வயதிலிருந்து ஒரே கிளப். பள்ளியில் சமோவாப் பிள்ளைகளோடு சேர்ந்து ஆடிப் பழகியதாம். போன வருடம்தான் முதலாம் தரத்தில் ஒன்பது கிடைக்க வேண்டியது. சிட்னியிலிருந்து ஒருத்தியைக் கொண்டுவந்து போட்டார்கள்.

"ஒரு வருஷம் ஃபுல்லா பெஞ்ச்ல உக்காந்தேன் ஆன்ட்டி. ஜெர்சி கசங்கவே இல்ல."

"அப்ப உமக்கு அது எப்பிடி இருக்கும் எண்டு தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சுகொண்டும் வந்தனீர்?"

கத்தியை வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தாள். வெங்காயக் கண்ணீர் வேறு. "தெரிஞ்சுதான் வந்தேன். எனக்கும் ஆடணும்ல, ஆன்ட்டி?"

இதைக் கேட்டதும் கோபம் குறைந்திருக்க வேண்டும். கூடிவிட்டது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. ஒருத்தியைக் கிளப்பி இன்னொருத்தியை இருத்தி, அவள் எழும்பி வந்து என் பிள்ளையைக் கிளப்பி, இனி அபி எங்கே போவாள், பிரிஸ்பேனுக்கா? அங்கே எந்தத் தாய் புட்டு அவிப்பாள்?

ஏப்ரல் 9, வியாழன்

குளிர் தொடங்கிவிட்டது. பயிற்சி ஆட்டம், பாதி நேரம் கயல் ஒன்பது, பாதி அபி.

எழுதத்தான் வேண்டும், இது எனக்கு மட்டும்தானே. அவள் நல்லாக ஆடுகிறாள். பந்தை எடுக்க முதலே எங்கே கொடுப்பது என்று தெரிந்திருக்கிறது. அபி எடுத்துவிட்டு ஒரு கணம் பார்க்கிறாள். அந்த ஒரு கணத்துக்குள் ஆட்கள் வந்துவிடுகிறார்கள். இரண்டு தரம் நல்ல அடி.

மூன்றாவது அடி விழுந்தபோது பக்கத்தில் நின்ற ஒரு தகப்பன்: "லக்கி வீ காட் த மெல்பேர்ன் கேர்ள்." திரும்பிப் பார்த்தேன். என்னை யார் என்று அவனுக்குத் தெரியாது. நான் தண்ணீர் கொடுக்கிற பெண்.

போத்தல் மூடி இன்னும் வாங்கவில்லை.

ஏப்ரல் 14, செவ்வாய்

வருடப் பிறப்பு. காலையில் கோயில், பிறகு வேலை, வேலையிலிருந்து வந்ததும் சனிக்கிழமைக்கான பெயர்ப் பட்டியல். நல்ல நாளும் அதுவுமாக நானே கம்ப்யூட்டரில் தட்டினேன்: 9, கயல்விழி. 18, அபிராமி. பதினெட்டு என்றால் யாருக்காவது மோசமாக அடிபட்டால் மட்டும் இறங்குகிற ஆள். மற்றப்படி மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு ஓரத்தில் இருப்பது.

கிளப்பில் ஒரு வழக்கம். முதலாம் தரத்தில் முதல் ஆட்டம் ஆடுகிறவளுக்கு ஜேர்சியை வீட்டு ஆள் கொடுக்க வேண்டும், எல்லோரும் வட்டமாக நிற்க, இரண்டு வார்த்தை பேசி. அபிக்குப் பேச வேண்டியது என் போனில் அவளுக்குப் பதினாலு வயதாக இருந்தபோதே எழுதி வைத்தது. ஆங்கிலத்தில், சிவா பிழை திருத்தி. பதினெட்டுக்கு அந்த வழக்கம் இல்லை. இறங்கினால்தான்.

இன்னொன்று. கயலை விட்டுக்கொடுக்கிறோம் என்று பழைய கிளப் கடிதம் தர வேண்டும். அதைப் போட்டி நடத்துகிறவர்களின் இணையத்தளத்தில் நான் ஏற்றினால்தான் அவள் ஆடலாம். கடைசி நேரம் நாளை மாலை 5 மணி. கடிதம் நேற்றே அணியின் மெயிலுக்கு வந்திருக்கிறது. அந்த மெயிலைப் பார்க்கிறது நான்.

ஏற்றாவிட்டால் சனிக்கிழமை ஒன்பது அபி.

யாருக்குத் தெரியப்போகிறது? மெயில் குப்பைக்குள் போய்விட்டது என்று சொல்லலாம். எத்தனை மெயில் அப்படிப் போகிறது.

கயல் பாயசம் மூன்று தரம் வாங்கிக் குடித்தாள். "ஹாப்பி நியூ இயர் ஆன்ட்டி" என்று சிவாவுக்கும் எனக்கும் விழுந்து கும்பிட்டாள். இந்த முறை பிடித்து நிமிர்த்தவில்லை, விட்டுவிட்டேன்.

ஏப்ரல் 15, புதன்

வெயில். காலையிலிருந்து ரத்தம். ஒரு கையில் கூட நரம்பு தப்பவில்லை. ஒரு தாத்தா, "யூ ஆர் வெரி கால்ம் டுடே," என்றார்.

2.00 ஏற்றவில்லை.
3.15 ஏற்றவில்லை. பதாகையை நினைத்தேன், ரோல்ஸை நினைத்தேன், தண்ணீர் கொடுக்கிற பெண்ணை நினைத்தேன். எல்லாம் ஏற்றாதே என்று சொன்னது.
4.00 சாப்பாட்டு அறையில் தனிய. மத்தியானம் சாப்பிடாத டப்பாவைத் திறந்தேன். தோசை, நடுவில் மடித்து, பொடி தடவி. நான் கட்டியது அல்ல. காலையில் நான் குளிக்கும்போது கயல் கட்டி வைத்திருக்கிறாள், தனக்குக் கட்டும்போது எனக்கும்.

தின்றேன். உறைப்பு அதிகம். கோபம் இன்னும் அதிகம். இனி எப்படி இவள் வயிற்றில் அடிப்பது?

4.41 ஏற்றினேன். "போய்த் தொலை" என்று சொல்லித்தான் பட்டனை அழுத்தினேன்.

ஏப்ரல் 16, வியாழன்

மேகம். பயிற்சிக்குப் போகிற வழியில் காரில் நானும் அபியும் மட்டும். கயல் ஜிம்மிலிருந்து நேரே வருவாள்.

அபி கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு: "லெட்டர் கேம் மன்டே. யூ சென்ட் இட் ஃபோர் ஃபோர்ட்டி வன், வெட்னஸ்டே."

அந்த மெயிலை என் போனில் போட்டுத் தந்ததே அவள்தான். தன்னுடையதிலும் போட்டிருக்கிறாள், ஏற்றியதற்கு வந்த ரசீதும் அதிலேயே. எனக்கு இது தோன்றவே இல்லை! முகம் எரிந்தது.

"வேலை கூட," என்றேன்.

"அம்மா."

சிக்னல் பச்சை ஆகியும் நான் எடுக்கவில்லை. பின்னால் ஒருவன் ஹோர்ன் அடித்தான். அப்போதுதான் அபி தமிழில் சொன்னாள். அவள் என்னோடு தமிழ் பேசி எத்தனை காலம்.

"அப்பிடி வாற நைன் எனக்கு வேண்டாம்."

பிறகு திரும்ப ஆங்கிலம். டேரன் அவளிடம் ஜனவரியிலேயே கேட்டிருக்கிறான், மெல்பேர்ன் பெண்ணை எடுக்கப் பார்க்கிறோம், உனக்கு எப்படி என்று. அவள் ஃபைன் என்றாளாம்.

"ஏன் ஃபைன் எண்டனீ? வாயிலை என்ன கொழுக்கட்டையே?"

"பிகாஸ் ஐ வான்ட் டு வின் சம்திங், அம்மா. வன்ஸ்."

"அழேல்லையா நீ?"

"ஐ டிட். கராஜ்ல."

அழுதது எனக்குத் தெரியாது. நான் கூட்டத்தில் பட்டியல் வாசித்துக்கொண்டிருந்தேன், கம்ப்யூட்டரில் ஒளித்து விளையாடிக்கொண்டிருந்தேன், என் வீட்டுக் கராஜில் என் பிள்ளை அழுதது தெரியாது. டேரனை மன்னிக்க மாட்டேன். அவளைக் கேட்டவன் என்னையும் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் நான் மாட்டேன் என்றிருப்பேன், அதனால்தான் கேட்கவில்லை. அதுவும் விளங்குகிறது, விளங்க விளங்க எரிகிறது.

பயிற்சி முடிந்து கயல் என்னிடம் வந்தாள். அவளுடைய அம்மாவுக்குச் சனிக்கிழமை வேலை. அப்பா, "பொண்ணு வெளையாடுறதுக்கெல்லாம் பிளேன் ஏற முடியாது," என்று போனை வைத்துவிட்டாராம்.

"ஜெர்சி நீங்க குடுப்பீங்களா, ஆன்ட்டி? சாப்பாடு போட்டவங்க குடுக்கலாம்னு ஷெரில் சொன்னாங்க."

ஷெரில்!

போத்தல்களைப் பெட்டிக்குள் அடுக்கினேன்.

ஏப்ரல் 18, சனி

வெயில், காற்று இல்லை. மைதானம் காய்ந்து நல்ல நிலை.

1.40. உடை மாற்றும் அறை. பதினெட்டுப் பெண்கள் வட்டமாக, தைலமும் வியர்வையும் மணக்க. ஷெரில் ஒன்பதை என் கையில் வைத்தாள். போன கிழமை நானே தோய்த்து மடித்த ஜேர்சி. முதுகில் நம்பர் கொஞ்சம் உரிந்திருக்கிறது, அந்த இடம் எனக்குத் தெரியும்.

போனில் எழுதி வைத்ததைத் திறந்தேன். 'மை டியர் டாட்டர்' என்று தொடங்குகிறது. மூடிவிட்டேன். கயல் எனக்கு முன்னால் நிற்கிறாள், கை இரண்டையும் கோயிலில் பிரசாதம் வாங்குவது மாதிரி நீட்டிக்கொண்டு. வாயைத் திறந்தால் தமிழ்தான் வந்தது.

"இஞ்சை பாரும் பிள்ளை. இந்த நம்பரை நான் பதினொரு வருசமா என்ரை பிள்ளைக்கெண்டு பாத்துக்கொண்டு இருந்தனான். உம்மடை கையிலை குடுக்கச் சொல்லினம். குடுக்கிறன், ஆனா சந்தோசமாக் குடுக்கேல்லை. அவள் வெளியிலை இருக்கிற ஒவ்வொரு நிமிசத்துக்கும் நீர் ஓட வேணும். களைச்சுப்போச்சு எண்டு நிண்டீரோ, நானே உள்ளுக்கு வந்து இதைக் கழட்டுவன்."

எல்லோரும் பலமாகக் கை தட்டினார்கள். ஒருத்தி கண்ணைத் துடைத்தாள். டேரன் கூட. அறையில் விளங்கியது இரண்டு பேருக்குத்தான்.

கயல் ஜேர்சியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "சரிங்க ஆன்ட்டி. ஆனா நானா திருப்பித் தர மாட்டேன். அவ வந்து எடுத்துக்கட்டும்."

அபி பின்னால், மழைக்கோட்டுக்குள், "ஐ வில்," என்றாள்.

ஷெரில் என் தோளைப் பிடித்து, "பியூட்டிஃபுல். வாட் டிட் யூ சே?"

"குட் லக்," என்றேன்.

வென்றோம், நான்கு புள்ளியால். கயல் எழுபது நிமிடமும் நிற்கவில்லை. கடைசியில் மூச்சு வாங்கத் தண்ணீருக்கு வந்தபோது போத்தலைப் பிழிந்து அவள் வாய்க்குள் ஊற்றினேன், "ஓடும்" என்றேன். அபிக்கு அழைப்பு வரவில்லை. ஒருத்திக்கும் அடிபடவில்லை. யாருக்காவது அடிபடட்டும் என்று நான் ஒரு தரம் நினைத்தேன், அறுபதாவது நிமிடத்தில். எழுதி வைக்கிறேன்.

ஏப்ரல் 19, ஞாயிறு

வெயில். தோய்க்க நல்ல நாள். ஜேர்சி 18, துவாய் 6.

சேறு இல்லாவிட்டாலும் புல்லுக் கறை, ரத்தம் இரண்டில். ரத்தத்துக்குக் குளிர் தண்ணீர், எனக்கா தெரியாது. ஒன்பது கழுத்து வரை பச்சை. அதைக் கையால் தேய்த்துத்தான் போட வேண்டியிருந்தது. கயல் மேலே இன்னும் எழும்பவில்லை. யன்னலைச் சிவா நேற்றுத் திறந்துவிட்டார், குறட்டை கீழே வரை கேட்கிறது.

அபி உதவிக்கு வந்தாள். பையை உதற, பதினெட்டு கடைசியில் விழுந்தது. நான் மடித்துக் கொடுத்த மடிப்பு அப்படியே. ஒரு புல்லுக்கூட இல்லை.

மெஷின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"தட் ஒன்ஸ் க்ளீன், அம்மா."

"தெரியும். போடு."